முப்பதாம் இரவு

நாளைக்கு முப்பத்தோராம் நாள்.
இன்றிரவு எட்டே முக்காலுக்கு
பனி ஒட்டிய சப்பாத்தோடு படியிறங்கி வந்து
மூத்த மகன் மேசையில் வைத்தார்
ஒரு யூஎஸ்பி, கொப்பியில் கிழித்த நாலு தாள்.
"காலமை ஆறரைக்கு முந்நூறு கல்வெட்டு வேணும், தங்கச்சி."

கல்வெட்டு.
கல்லில் வெட்டியவனுக்கு
எழுத்துக்கு ஒரு பகல் கிடைத்திருக்கும்.
எனக்கு முப்பத்தாறு பக்கம், ஒன்பதே முக்கால் மணித்தியாலம்.
அதிலும் அரை மணி
எண்பத்தெட்டாம் ஆண்டுப் படத்தில்
அவர் தோளில் கிடந்த யாரோ ஒருவரின் கையை
அழிக்கப் போயிற்று.

மார்க்கம் வீதியில் ஒரு பிளாசாவின் நிலவறை.
மேலே கொத்துரொட்டித் தகரம் அடங்கிய பிறகு
இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டபடி யூட் அண்ணர் கேட்டார்:
"முப்பது நாளும் என்ன செய்தவையாம்?"
என்ன செய்வார்கள்.
ரெண்டு ஷிப்டுக்கு நடுவில், காருக்குள் இருந்து அழுதிருப்பார்கள்.

ஒன்றரைக்குத்தான் கண்டேன், திதி வெண்பா இல்லை.
"ஐயர் தருவார் எண்டு இருந்திட்டம்.
நீங்களே ஒண்டு போடுங்கோவன், நாலு வரிதானே."
நாலு வரி இல்லை, முழுதாக.
ஈற்றடியில் எப்போதும் ஒரு சீர் குறையும்,
நேரம் போதாமல் எவனோ விட்டுப்போனதுபோல.

ஏகாதசி. ஏகாவுக்கு எதுகை வேண்டும்.
சாகா: செத்தவருக்குப் பொருந்தாது.
ஆகா: சபை சிரிக்கும்.
போகா: போய்விட்டாரே.
நோகா.
விரல் தானாக அடித்தது,

நோகா துறங்கிச் சிவனடி சேர்ந்ததிதி
ஏகா தசியென் றியம்பு.

ஆண்டும் மாதமும் பட்சமும்
மேல் இரண்டு அடியில் வந்து குந்திக்கொண்டன.
தளை பார்த்தேன், தட்டவில்லை.
உண்மை பார்க்க நேரமில்லை.

மூன்று நாற்பதுக்கு மறுபடி ஃபோன். தாய்.
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறா.
"பிள்ளை, என்ரை ரெண்டாவது மகன்ரை பேர் கிடக்கோ?"
தாளைப் பார்த்தேன். கிடக்கவில்லை.
"அகிலதாசன். மொன்றியல். போட்டுவிடு.
மூத்தவனுக்குச் சொல்லாதை."
தண்ணீர்ச் சத்தம் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

ஒரு பெயர்தான்.
ஆனால் பதினேழாம் பக்கம் பிதுங்கி,
பேத்தியின் அஞ்சலி அடுத்த பக்கத்துக்கு வழிந்து,
நன்றி நவிலலைத் தள்ளிக்கொண்டுபோய்
பின் அட்டையில் முட்டியது.
அங்கே எங்கள் அச்சகத்தின் பெயர், தொலைபேசி எண்.
அழித்தேன்.
முதலாளி வெள்ளிக்கிழமைதான் வருவார்.

ஐந்து மணிக்கு மடிப்பு. பிறகு கம்பி.
யூட் அண்ணர் இருமி இருமி எண்ணினார்.
இருநூற்று எழுபத்து மூன்றில் அட்டைத்தாள் முடிந்தது.
"காணும். வாற எல்லாரும் வாசிக்கிறவையே?"

ஆறு இருபதுக்குக் கதவைத் தட்டியவர் மூத்தவர் அல்ல.
ராத்திரி பஸ்ஸின் சாயல் முகத்தில் இருந்தது,
ஒரு கன்னத்தில் இருக்கைத் துணியின் வரி.
பெட்டியைத் தூக்கவில்லை.
மேலே கிடந்த ஒன்றை எடுத்தார், மை இன்னும் சூடு.
பதினேழாம் பக்கம் போகவில்லை. தன் பெயர் இருக்குமென்று
நினைத்து வந்தவர் இல்லை அவர்.
வெண்பாவில் நின்றார்.
வாசிக்கிற விரல் ஒரு சொல்லில் நின்றது.

"நோகாமலோ போனவர்?"

'ஒன்பது மாதம், குழாய்கள், கடைசி வரை' என்று
மூத்தவர் எழுதித் தந்த தாள்
என் முழங்கைக்குக் கீழே கிடந்தது.
முழங்கையை எடுக்கவில்லை.

"ஓம்" என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகும் ஆட்டினார்.
படியில் கார் வெளிச்சம் விழுந்தது, அது மூத்தவராக இருக்கும்.
திறந்திருந்த பக்கத்தில்
ஒரு ளகரம் லகரமாய்க் கிடந்ததை
அப்போதுதான் கண்டேன்,
ஆறு இருபத்தொன்பதுக்கு.